தீப்பிழம்பை அழித்துவிட்டு வீட்டை வரையுங்கள்

2018 நவம்பர் 8 அன்று கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊர் எரிந்தது. அதன்பிறகு வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தவர்கள் ஒரு காட்சியில் தடுமாறி நின்றிருப்பார்கள். தெருத் தெருவாக வீடுகள் சாம்பலாகிக் கிடக்கின்றன, புகைபோக்கிகள் மட்டும் நிற்கின்றன. அந்தச் சாம்பலைச் சுற்றியுள்ள பைன் மரங்கள் பலவும் பச்சை மாறாமல் இருக்கின்றன. காடு எரிந்து ஊரை விழுங்கியது என்றால் மரம் எப்படிப் பிழைத்தது? வீடு எப்படிப் போனது? 85 பேரின் உயிரையும் 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்களையும் கொண்டுபோன அந்தத் தீயைப் பற்றி மக்களுக்குச் சொல்ல வேண்டிய முதல் செய்தி அந்தப் படத்தில்தான் இருக்கிறது. ஆனால், காட்டுத்தீக்குத் தயாராகச் சொல்லும் தொண்டு அமைப்புகளின் இணையதளங்களைத் திறந்தால் பெரும்பாலும் நம்மை வரவேற்பது வானளவு எழும் செந்தீதான்.

நான் இணையதள வடிவமைப்பாளராக வேலை பார்ப்பவள். சான் ஹோசே நகரின் கிழக்கே, குன்றுகள் தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு. 2020 ஆகஸ்டில் மின்னல் விழுந்து அந்தக் குன்றுகள் நாள்கணக்கில் எரிந்தன. அதற்குப் பிறகு மலைப்பகுதியில் இயங்கும் ஒரு சிறு தொண்டு அமைப்போடு சேர்ந்துகொண்டேன். தீ வருமுன் வீட்டைத் தயார்செய்ய மக்களைத் தூண்டுவது அதன் வேலை. கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட அமைப்புகள் வட்டாரந்தோறும் உண்டு. ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்களும் பள்ளி ஆசிரியர்களும் தோட்டக்காரர்களும் சேர்ந்து நடத்துவார்கள். எங்கள் அமைப்பின் லோகோ, வண்ணம், இணையதளம் அனைத்தையும் புதிதாக அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அந்த வேலை எனக்குள் ஒரு கருத்தை ஆழமாக ஊன்றிவிட்டது. தீப்பிழம்பைச் சின்னமாகச் சூடியிருக்கும் அமைப்பு, தீ எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்பது குறித்து மக்களுக்குத் தப்பான பாடம் சொல்லித்தருகிறது. இதை ரசனைச் சண்டை என்று ஒதுக்கிவிடக் கூடாது, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

அமெரிக்க வனத்துறையின் மிசூலா ஆய்வகத்தில் பணியாற்றிய ஜாக் கோஹென் என்ற விஞ்ஞானி, வீடு எப்படிப் பற்றுகிறது என்பதையே தன் வாழ்நாள் கேள்வியாக எடுத்துக்கொண்டவர். 1990களின் இறுதியில் கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் உண்மையான காட்டையே எரியவிட்டு ஒரு பெரிய சோதனை நடந்தது. எரியும் மரங்களுக்கு எதிரே வெவ்வேறு தூரங்களில் மரச்சுவர்களை நிறுத்திப் பார்த்தார்கள். 10 மீட்டரில் நின்ற சுவர்களில் சில பற்றின. 30 மீட்டரில் நின்றவை பற்றவில்லை. மர உச்சிவரை எரிகிற ஒரு காட்டின் வெப்பம், முப்பதே மீட்டர் தள்ளி நிற்கும் பலகையைக் கொளுத்தப் போதவில்லை. அப்படியானால் வீடுகளைக் கொளுத்துவது எது?

பெரும்பாலும் கங்குதான். காற்று எரிகிற பட்டையையும் சுள்ளியையும் பிய்த்தெடுத்து, சில சமயம் ஒரு மைலுக்கும் அப்பால் கொண்டுவந்து கொட்டுகிறது. அவை விழும் இடத்தில் எரிய ஏதாவது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தகரக் கால்வாயில் போன இலையுதிர் காலத்துச் சருகு இருக்கும். சுவரோரம் அழகுக்காகப் பரப்பிய மரப்பட்டை மூடாக்கு இருக்கும். பரண் காற்றோட்டத்துக்கென விட்ட துளையின் கம்பிவலை அகலக் கண்ணுள்ளதாக இருந்தால், கங்கு நேராகப் பரணுக்குள் போய்விடும். தீயணைப்பு வண்டி தெருவைத் தாண்டிப் போன பிறகு அந்த வீடு உள்ளிருந்து எரியத் தொடங்கும். ஒரு வீடு முழுதாகப் பிடித்தால் பக்கத்து வீட்டுக்கு அதுவே பெரிய நெருப்பு. பாரடைஸில் மரங்கள் பச்சையாக நிற்க, வீடுகள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் போனது இப்படித்தான். தென் கரோலினாவின் ரிச்பர்க்கில் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஓர் ஆய்வகம் இருக்கிறது. 105 ராட்சத விசிறிகளை வைத்து முழு அளவு வீட்டின் மேல் கங்கு மழை பொழியவைத்துக் காட்டுவார்கள். அந்தக் காணொளிகளில் பிரம்மாண்டமான தீச்சுவர் எதுவும் இருக்காது. சின்னச் சின்னச் செம்புள்ளிகள் தரையில் உருண்டுவந்து சுவரோர மூடாக்கில் ஒதுங்கும். கொஞ்ச நேரம் புகையும். அப்புறம் சுவர் போய்விடும்.

கலிஃபோர்னியச் சட்டம் தீ அபாயப் பகுதிகளில் வீட்டைச் சுற்றி 100 அடிவரை செடிகொடிகளைக் குறைக்கச் சொல்கிறது. 2020இல் இயற்றிய இன்னொரு சட்டம் சுவரிலிருந்து முதல் ஐந்து அடியைத் தனி மண்டலமாகப் பிரித்து, எரியக்கூடிய எதுவும் அங்கே கூடாது என்ற விதிக்கு வழிசெய்தது. அந்த ஐந்து அடிதான் என் கட்டுரையின் மையம். ஏணி, துடைப்பம், ஒரு வார இறுதி, கம்பிவலை வாங்கக் கொஞ்சம் பணம். மாற்ற முடிந்ததில் பெரும்பகுதி இவ்வளவுக்குள் அடங்கிவிடும்.

இப்போது லோகோவுக்கு வருகிறேன். எங்கள் அமைப்பின் பழைய சின்னத்தில் ஒரு பைன் மரத்தைத் தீநாக்குகள் சூழ்ந்திருந்தன. முகப்புப் பக்கத்தில் முழுத்திரைக்கு ஒரு காணொளி ஓடும். இரவு, மலைச்சரிவு, ஆறாக இறங்கும் நெருப்பு. நிர்வாகக் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற தீயணைப்பு கேப்டன் அதை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. தன் நண்பர்கள் அந்த மாதிரித் தீயின் முன் நின்றவர்கள் என்றார். பயம் வராமல் ஒருவரும் ஏணியைத் தொட மாட்டார்கள் என்றார். முப்பது வருடம் மற்றவர்களின் வீட்டைக் காப்பாற்றிய மனிதர் சொல்வதை எளிதில் மறுத்துவிட முடியாது, மறுக்கவும் கூடாது. நாங்கள் அதைச் சோதித்துப் பார்க்க முடிவுசெய்தோம்.

ஊர்ச் சந்தையில் எங்கள் மேசையின் ஒரு பக்கம் அந்தத் தீப்படத்தையும் மறுபக்கம் ஒரு சாதாரண வீட்டின் கோட்டோவியத்தையும் வைத்தோம். ஓவியத்தில் கங்கு நுழையும் இடங்கள் மட்டும் ஆரஞ்சுப் புள்ளிகளாக இருந்தன. தீப்படத்தின் முன் நின்றவர்கள் கதை சொன்னார்கள். எங்கே இருந்தபோது எந்தத் தீயைப் பார்த்தோம், யாருடைய வீடு போனது, எவ்வளவு பயங்கரம் என்று பேசிவிட்டு நகர்ந்தார்கள். வயதான ஒரு பெண்மணி அந்தப் படத்தைப் பார்த்து, இது வந்தால் மனுஷியால் என்ன செய்ய முடியும், ஆண்டவன் விட்ட வழி என்றார். அவரே கோட்டோவியத்தின் பக்கம் வந்ததும் குரல் மாறியது. என் வீட்டு ஜன்னலை ஒட்டி மல்லிகைக் கொடி ஏறியிருக்கிறதே, அதை எடுத்துவிட வேண்டுமா, ஓரடி தள்ளி நட்டால் போதுமா, வேலி மரத்தால் ஆனது, அது சுவரைத் தொடுகிறதே என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். கேப்டன் தரையில் குந்தி உட்கார்ந்து அவருக்கு வரைந்து காட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பழைய லோகோவுக்காக அவர் வாதாடவில்லை.

பயம் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. செய்வதற்கு ஒரு வேலை பக்கத்திலேயே இருந்தால் பயம் கையை அசைக்கும். வேலை எதுவும் கண்ணில் படாதபோது அது மனதை மூடிவிடும். முழுத்திரைத் தீ, வீட்டுக்காரரின் கையில் ஒன்றுமில்லை என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. கோஹெனும் ரிச்பர்க் விசிறிகளும் காட்டுவதோ அதற்கு நேர்மாறானது.

ஒரு சின்னம் எவ்வளவு பலம் வாய்ந்தது என்பதற்கு அமெரிக்காவிலேயே பெரிய சான்று உண்டு. 1944இல் வனத்துறையும் விளம்பர கவுன்சிலும் உருவாக்கிய ஸ்மோக்கி என்ற தொப்பி போட்ட கரடியை அங்கே அறியாத குழந்தை இல்லை. 1950இல் நியூ மெக்சிகோவில் தீயிலிருந்து மீட்ட ஒரு கரடிக்குட்டிக்கு அந்தப் பெயரையே வைத்து வாஷிங்டன் விலங்குக்காட்சிச் சாலையில் வளர்த்தார்கள். அதற்கு வந்து குவிந்த கடிதங்களுக்காக அஞ்சல்துறை தனிக் குறியீட்டெண்ணே ஒதுக்கியது. ஸ்மோக்கி சொன்னது ஒன்றே ஒன்று: காட்டுத்தீயைத் தடுப்பது உன் கையில்தான் இருக்கிறது. முகாம் நெருப்பை அணை, தீக்குச்சியை எறியாதே. எண்பது ஆண்டுகளாக மக்கள் மனதில் நின்ற பாடம் இது. ஆனால் அந்தக் கரடி நிற்பது காட்டில். வீடு அந்தப் படத்தில் எங்குமே இல்லை. தீ என்பது காட்டு விவகாரம், யாரோ ஒருவரின் அஜாக்கிரதை, நான் தீக்குச்சி எறியாதவன், ஆகவே என் கடமை முடிந்தது என்ற மனநிலைக்கு அது இடம்கொடுத்துவிட்டது. தீயே வராமல் தடுத்துவிடலாம் என்று நம்பிப் பல பத்தாண்டுகளாக எல்லாத் தீயையும் அணைத்துக்கொண்டே வந்ததில் காடுகளில் எரிபொருள் குவிந்தது தனிக்கதை. இன்றைய அமைப்புகள் ஸ்மோக்கியின் அடுத்த அத்தியாயத்தை எழுத வேண்டியவை. அவற்றின் சின்னத்தில் வீடு இருந்தே ஆக வேண்டும்.

ஒரு சமிக்ஞை தவறான பொருளோடு மக்கள் மனதில் பதிந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை ஹவாயியில் பார்த்தோம். 2023 ஆகஸ்ட் 8 அன்று மௌயி தீவின் லஹைனா நகரம் எரிந்து 102 பேர் இறந்தார்கள். தீவில் அபாயச் சங்குகள் இருந்தன. அன்று ஊதவில்லை. சங்கு ஒலித்தால் மக்கள் சுனாமி என்று நினைத்து மலைப்பக்கம், தீ இருக்கும் திசையிலேயே ஓடியிருப்பார்கள் என்று தீவின் அவசரகால நிர்வாகத் தலைவர் பிறகு விளக்கம் சொன்னார். அடுத்த நாளே பதவி விலகினார். ஊதியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. வீட்டுக்குள் இருந்தவர்களை அது வெளியே வந்து வானத்தைப் பார்க்கவாவது வைத்திருக்கும். ஆனாலும் அவர் சொன்ன விளக்கத்தில் உறுத்தும் உண்மை ஒன்று இருக்கிறது. அந்த ஒலிக்குக் கடல் என்ற ஒரே பொருளைத்தான் ஊர் பல வருடங்களாகப் பழகியிருந்தது. தீயும் வரலாம் என்பதை அமைதியான நாள்களில் எவரும் அந்த ஒலியோடு சேர்த்துச் சொல்லித்தரவில்லை.

இணையதளத்தின் வேலையும் அமைதியான நாள்களில்தான் நடக்க வேண்டும். அதை வடிவமைக்க உட்காரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, யார், எந்த நேரத்தில், எதற்காக இங்கே வருகிறார்கள் என்பது. எங்கள் தன்னார்வலர்கள் ஊர்க்காரர்களோடு பேசியபோது தெரியவந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பலரையும் தளத்துக்குக் கொண்டுவந்தது தீ இல்லை, காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம். அடுத்த ஆண்டு உங்கள் வீட்டுக் காப்பீட்டைப் புதுப்பிக்க மாட்டோம் என்ற கடிதம். இன்னும் சிலர் வீடு விற்பவர்கள். தீ அபாயப் பகுதியில் வீட்டை விற்கும்போது சுற்றுப்புறம் விதிப்படி இருக்கிறது என்ற ஆவணம் காட்ட வேண்டும் என்று 2021 முதல் விதி இருக்கிறது. இவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஏதாவது செய்யத் தயாராக வந்து நிற்பவர்கள். அவர்களை எங்கள் பழைய தளம் எப்படி வரவேற்றது? எங்கள் நோக்கம், எங்கள் வரலாறு, எங்கள் நிர்வாகக் குழு, நிதியளித்தவர்களின் லோகோ வரிசை. வீட்டில் செய்ய வேண்டியவை எல்லாம் பல பக்கங்கள் நீளும் ஒரு பிடிஎஃப் கோப்பில் இருந்தன. கைபேசியில் அதைத் திறந்தால் எழுத்து எறும்பளவு தெரியும்.

புதிய முகப்பில் அந்தக் கடிதம்தான் முதல் வரி. காப்பீட்டுக் கடிதம் வந்ததா, இங்கே தொடங்குங்கள். 2022இல் கலிஃபோர்னியக் காப்பீட்டு ஆணையர் கொண்டுவந்த விதியின்படி, வீட்டைத் தீக்கு எதிராகப் பலப்படுத்தியவர்களுக்கு நிறுவனங்கள் கட்டணச் சலுகை தர வேண்டும். எந்தெந்த வேலைக்குச் சலுகை என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அந்தப் பட்டியலும் கங்கு நுழையும் இடங்களின் பட்டியலும் பெரும்பாலும் ஒன்றுதான். வந்தவர் பணத்தைப் பற்றிக் கேட்க வந்திருக்கலாம். போகும்போது காற்றுத் துளைக்கு எட்டில் ஒரு அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை வாங்கக் கடைக்குப் போகிறார் என்றால், தளம் தன் வேலையைச் செய்துவிட்டது.

ஒரு திரையில் ஒரு வேலை என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். இந்த வாரம் தகரக் கால்வாய்ச் சருகு. அதை முடித்தேன் என்று அழுத்தினால்தான் அடுத்தது தெரியும். குழுவில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. எங்களிடம் இவ்வளவு அறிவு இருக்கும்போது ஏன் ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான ஆதங்கம்தான். ஆனால் நாற்பது வேலைகளை ஒரே பக்கத்தில் பார்ப்பவர் பக்கத்தை மூடிவிடுகிறார். நாற்பதில் முதல் நான்கு மற்ற முப்பத்தாறைவிடப் பல மடங்கு முக்கியம் என்று தெரிந்திருந்தும் எல்லாவற்றையும் ஒரே அளவு எழுத்தில் அச்சிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

வண்ணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிவப்பைத் தளத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் எடுத்துவிட்டோம். நன்கொடைப் பொத்தானில்கூட இல்லை. ஊரைவிட்டு வெளியேறுங்கள் என்ற செய்திக்கு மட்டும் அது ஒதுக்கப்பட்டிருக்கிறது. வருடம் முழுவதும் சிவப்பைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அந்த ஒரு நாளில் அது உறைக்காது.

தீ எரியும் நாளுக்குத் தனி முகப்பு வேண்டும். அந்த நாளில் வருபவரின் கைபேசியில் சார்ஜ் குறைவாக இருக்கும். காற்று பலமாக வீசினால் கலிஃபோர்னியாவில் மின்நிறுவனங்களே முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தைத் துண்டிக்கின்றன. 2019 அக்டோபரில் அப்படித் துண்டித்தபோது மரின் மாவட்டத்தின் கைபேசிக் கோபுரங்களில் பாதிக்கும் மேல் செயலிழந்தன. அந்த நிலையில் முழுத்திரைக் காணொளி ஓடும் பக்கம் திறக்கவே திறக்காது. ஆகவே தீநாள் பக்கம் வெறும் எழுத்து. மாவட்ட நிர்வாகத்தின் வெளியேற்ற வரைபடத்துக்கு ஓர் இணைப்பு, வானொலி அலைவரிசை, இரண்டு சாலைகள், கால்நடைகளைக் கொண்டுபோகும் இடம். எங்கள் அமைப்பின் பெயர்கூட அடியில் சிறு எழுத்தில்தான். அன்றைக்கு எங்களைப் பற்றி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

அரசாங்கங்களால் இதைச் செய்ய முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியா சான்று. 2009 பிப்ரவரி 7, கறுப்புச் சனிக்கிழமை என்று அவர்கள் நினைவுகூரும் நாளில், விக்டோரியா மாநிலத்தில் 173 பேர் தீயில் இறந்தார்கள். சாலையோரங்களில் அரைவட்ட முள் காட்டும் தீ அபாயப் பலகைகள் அந்த நாட்டில் வெகுகாலமாக உண்டு. படிநிலைகள் அதிகமாக இருந்தன, மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம் வேறு. ஆய்வுகளில் மக்களுக்கு அவை புரியவில்லை என்று தெரிந்ததும் 2022 செப்டம்பர் 1 முதல் நாடு முழுவதற்கும் நான்கே நிலைகள் என்று மாற்றினார்கள். ஒவ்வொரு நிலைக்கும் செய்ய வேண்டியது ஒன்று என்று சேர்த்தார்கள். முதல் நிலையில் திட்டமிட்டுத் தயாராகு. இரண்டாவதில் செயல்படத் தயாராக இரு. மூன்றாவதில் உயிரையும் உடைமையையும் காக்க இப்போதே செயல்படு. நான்காவதில், பிழைக்க வேண்டுமென்றால் அபாயப் பகுதியைவிட்டுப் போய்விடு. எவ்வளவு அபாயம் என்று அளப்பதோடு நின்றுவிடாமல், ஒருவர் என்ன செய்ய வேண்டும் என்பதை அதே பலகையில் எழுதிய அந்தத் துணிவைத் தொண்டு அமைப்புகள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

2021இல் சோனோமா மாவட்டத்தில் தொடங்கிய வாட்ச் டியூட்டி என்ற செயலியையும் சொல்லாமல் விட முடியாது. அதுவும் லாபநோக்கற்ற அமைப்புதான். ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர்களும் தன்னார்வலர்களும் தீயணைப்புத் துறையின் வானொலியைக் கேட்டுக்கொண்டே வரைபடத்தில் செய்தி ஏற்றுகிறார்கள். பயன்படுத்தப் பதிவுசெய்ய வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் எரிந்தபோது ஆப்பிள் கடையின் இலவசச் செயலிகளில் அது முதலிடத்துக்குப் போனது. அதே வாரத்தில் அதிகாரபூர்வ ஏற்பாடு எப்படி இருந்தது? ஜனவரி 9 அன்று சிறு பகுதிக்குப் போக வேண்டிய வெளியேற்ற எச்சரிக்கை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குத் தவறாகப் போனது. அல்டடீனாவில் லேக் அவென்யூவின் மேற்கே வெளியேறும் உத்தரவு வந்தபோது அதிகாலை மூன்று மணி தாண்டிவிட்டது. வீடுகள் அதற்கு முன்பே எரியத் தொடங்கியிருந்தன. அந்த ஊரை எரித்த ஈட்டன் தீயில் இறந்தவர்களில் ஏறக்குறைய அனைவரும் அந்தப் பக்கத்துக்காரர்கள். மக்கள் எதை நம்பித் திறக்கிறார்கள் என்பதை அவர்களின் கைபேசியே அந்த வாரம் சொல்லிவிட்டது.

ஓர் எதிர்வாதத்துக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவள். சருகைக் கூட்டு, கம்பிவலை மாட்டு என்று குடும்பங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தால், பொறுப்பு முழுவதும் சாமானியர் தலையில் விழாதா? பாரடைஸைக் கொளுத்தியது ஒரு மின்நிறுவனத்தின் பழைய உயரழுத்தக் கம்பி. அந்த நிறுவனம் 2020இல் நீதிமன்றத்தில் 84 பேரின் மரணத்துக்குக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. வாடகை வீட்டில் இருப்பவர் சுவரையோ கூரையையோ மாற்ற முடியாது. பாரடைஸில் இறந்தவர்களில் பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள், அவர்கள் ஏணியில் ஏறப்போவதில்லை. இவை அனைத்தும் உண்மை. அதனால்தான் தளத்தில் இன்னொரு பொத்தானுக்காகப் போராடினேன்: என்னால் முடியாது, யாராவது வாருங்கள். அதை அழுத்தினால் தன்னார்வலர் ஒருவர் ஏணியோடு போவார். வாடகைதாரருக்கு, வீட்டு உரிமையாளரிடம் கொடுக்க ஒரு மாதிரிக் கடிதம் உண்டு. இதற்கெல்லாம் ஆள் வேண்டும், பணம் வேண்டும். நிதியளிப்பவர்களோ புதுத் தளத்தின் திறப்பு விழாவுக்குக் கொடுப்பார்கள், அடுத்த ஆண்டு அதைப் புதுப்பிக்கும் பெண்ணின் சம்பளத்துக்குக் கொடுக்கத் தயங்குவார்கள். எத்தனை பேர் தளத்தைப் பார்த்தார்கள் என்று அறிக்கை கேட்கிறார்கள். எத்தனை தகரக் கால்வாய்கள் சுத்தமாயின என்று கேட்கத் தொடங்கினால் எங்களைப் போன்ற அமைப்புகளின் முகமே மாறிவிடும்.

தமிழ்ப் பத்திரிகையில் இதை எழுதக் காரணம் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பிள்ளைகள் வேலை பார்க்க, பேரக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தமிழ்நாட்டிலிருந்து போய் மாதக்கணக்கில் தங்கும் பெற்றோர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பலருடைய வீடு குன்றோரத்துப் புதுக் குடியிருப்புகளில். அதே வளைகுடாவின் ஓக்லாண்ட் குன்றுகளில் 1991 அக்டோபர் 20 அன்று ஒரே நாளில் 25 பேர் இறந்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் எரிந்தன என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. பகல் நேரத்தில் மகனும் மருமகளும் அலுவலகத்தில். வீட்டில் பாட்டியும் குழந்தையும். பாட்டியின் கைபேசி இந்திய எண்ணோடு, வீட்டு வைஃபையில் வாட்ஸ்அப்புக்காக மட்டும் ஓடுகிறது. மாவட்ட எச்சரிக்கைகளுக்குப் பதிவு செய்த எண் மகனுடையது. உத்தரவு வந்தால் அது முப்பது மைலுக்கு அப்பால் ஒரு கூட்ட அறையில் ஒலிக்கும்.

என் அம்மா இங்கே வந்திருந்தபோது கோட்டோவியத்தை அவரிடம் காட்டினேன். ஐந்து அடி மண்டலத்தை விளக்க நான் வாயெடுக்கும் முன்பே, "சுவத்தோரம் குப்ப சேரவிடாம வாசலக் கூட்டிப் போடுன்னு சொல்ல வேண்டியதுதான, இதுக்கு எதுக்கு இத்தன படம்" என்றார். அம்பாசமுத்திரத்தில் விடியும் முன்பே வீட்டைச் சுற்றிக் கூட்டிப் பழகிய கை அது. மறுநாளே பக்கவாட்டுச் சுவரோரம் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளை அகற்றச்சொன்னார், மிதியடி தென்னைநார் ஆயிற்றே என்று அதையும் சுருட்டிவைத்தார். எங்கள் அமைப்பின் ஆங்கில, ஸ்பானியப் பக்கங்கள் இதுவரை தொடாத ஒரு வாசகர் கூட்டத்தை அன்று நான் பார்த்தேன். அவர்களுக்குப் பாடம் தேவையில்லை, தகவல்தான் தேவை.

ஒற்றைத் தாளில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் தயாரித்துவருகிறேன். அதில் மூன்று விஷயங்கள் மட்டும். வீடு எந்த வெளியேற்ற மண்டலத்தில் இருக்கிறது என்ற எண், அதை ஜெனசிஸ் புரொடெக்ட் என்ற வரைபடத்தில் முகவரியைத் தட்டித் தெரிந்துகொள்ளலாம். மகனோ மகளோ வர முடியாதபோது காரோடு வந்து அழைத்துப்போக ஒப்புக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரரின் பெயரும் எண்ணும். கதவருகே பையில் இருக்க வேண்டியவை: மருந்து, கண்ணாடி, கடவுச்சீட்டு, குழந்தைக்கு ஒரு மாற்றுடை. வளைகுடாப் பகுதியில் சனி, ஞாயிறு நடக்கும் தமிழ்ப் பள்ளிகள் இதை அச்சிட்டுக் குழந்தைகளின் கையில் கொடுத்தனுப்ப வேண்டும், தமிழ் மன்றங்கள் பொங்கல் விழாவில் ஒரு மேசை ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கட்டுரையைச் சென்னையிலோ மதுரையிலோ படிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை கலிஃபோர்னியாவில் இருந்தால் அடுத்த முறை பேசும்போது வீட்டின் மண்டல எண்ணைக் கேளுங்கள். தெரியவில்லை என்றால், நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன் கண்டுபிடித்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைக்கச் சொல்லுங்கள்.